சூடாக இருந்த தாம்பூலப் பை

நம்மூர்க் கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிடாமல்கூடத் தப்பித்துவிடலாம், தாம்பூலப் பை வாங்காமல் தப்பிக்க முடியாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஆளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, மடியில் பையைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நல்ல பழக்கத்தால்தான் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டப வாசலில் என் மானம் போனது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.)

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் தங்கை தனம். லாரியில் கிளீனராகப் போனேன், பம்பாய் ஓட்டல்களில் டம்ளர் கழுவினேன், கோவாவில் மீன் பெட்டி தூக்கினேன். கடைசியில் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விட உட்கார்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் தங்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சுனாமிக்கு அடுத்த வருடம், சிறுநீர் நின்று நின்று வர ஆரம்பித்தது. வயசு என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ரத்தம் வந்தது. செங்கல்பட்டில் காட்டினேன், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் சுற்றிய ஊருக்கெல்லாம் கூடவே வந்திருக்கிறது, ஒருநாளும் அறிமுகம் செய்துகொள்ளவில்லை. இப்போது அதில் புற்றுநோய் என்றார் டாக்டர்.

"வேற எங்கயும் பரவல. எடுத்துடலாம். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

"சைக்கிள் ஓட்டலாமா சார்?" என்றேன்.

அவர் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். (மனுஷனுக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்கப் பயம்.)

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது உடம்பிலிருந்து ஒரு டியூப், அதன் முனையில் சிறுநீர் சேர ஒரு பிளாஸ்டிக் பை. டாக்டர் இரண்டே உத்தரவு போட்டார். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். டியூபை யாரும் இழுத்துவிடக் கூடாது.

டியூப் எடுப்பதற்குள் தனத்தின் மகள் கலைக்குக் கல்யாணம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டியாக வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான்தான். ஆனால் தனத்துக்கு வேறு பயம்.

"ண்ணா, மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சிச்சின்னா அவ்ளோதான். பொண்ணு குடும்பத்துல கேன்சர் கீதுன்னு நிறுத்திப்புடுவாங்க."

"பொம்பளைங்களுக்கு இந்தச் சுரப்பியே கிடையாதாம் தனம். டாக்டரே சொன்னாரு."

"அத்த நீ மண்டபத்துல மைக்க புடிச்சி சொல்லேன்!"

அதனால் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று முடிவானது. பையை என்ன செய்வது? அதற்கு வழி சொன்னவர் தனத்தின் கணவர் கோதண்டம். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. எந்தச் சிக்கலுக்கும் கைவசம் ஒரு யோசனை வைத்திருப்பார், மனசில் எது தோன்றினாலும் அதை நம்பிவிடுவார்.

"இன்னா மச்சான் இதுக்குப் போயி பேஜாராவுற? தாம்பூலப் பைக்குள்ள போட்டுக்க. பையோட பையா கெடக்கும். எவனுக்குத் தெரியும்?"

மஞ்சள் துணிப் பை. ஒரு பக்கம் 'கலைச்செல்வி – முரளி திருமண விழா', இன்னொரு பக்கம் 'நல்வரவு'. என் பிளாஸ்டிக் பை அதற்குள் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. டியூப் வேட்டிக்குள் மறைந்தது. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பின்போது, வாசலில் தாம்பூலப் பை கொடுக்கும் மேஜை ஓரமாக ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நூறு பைகளுக்கு நடுவில் என் காலடியில் ஒரு பை. கோதண்டத்தின் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நூறும் தீர்ந்துபோகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டுக் கச்சேரி சூடு பிடித்திருந்தது. மேஜை காலி. அடுத்த பைக் கட்டை எடுத்துவரக் கோதண்டம் உள்ளே போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம், தன் ஆபீஸ் மேலதிகாரியை வழியனுப்ப வாசலுக்கு வந்தார். ராமலிங்கம் மதுரைப் பக்கத்துக்காரர். மத்திய அரசு உத்தியோகம், ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு. மேலதிகாரி நல்ல உயரம், அவசரக்காரர்.

"சார், சார், ஒரு நிமிஷம் நில்லுங்க. தாம்பூலம் வாங்காம போனா எப்படி?" என்று ராமலிங்கம் மேஜையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. என் காலடியைப் பார்த்தார். "இந்தா இருக்கே!"

நான் வாயைத் திறப்பதற்குள் பை அவர் கையில்.

"சார், அது என்னுது சார்."

"உங்களுக்கு வேற தர்றேன், உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரியும் பணிவாக வாங்கிக்கொண்டார். வாங்கியவர் முகம் மாறியது.

"என்ன ராமலிங்கம், பை சூடா இருக்கு?"

"பொண்ணு வீட்ல தனியா சாப்பாடு கட்டிக் குடுத்திருப்பாங்க சார்" என்றார் ராமலிங்கம், பெருமையாக.

அதிகாரி எடை பார்ப்பது போல அதை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். டாக்டரின் முதல் உத்தரவு போனது. பிறகு காரை நோக்கி நடந்தார். இரண்டாவதும் போனது.

வலியைப் பற்றி விளக்கமாக எழுதப் போவதில்லை. எந்த இடத்திலிருந்து டியூப் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள், போதும். என்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி, காலை அகட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் வேகமாக நடந்தால் நானும் வேகம். பார்த்தவர்களுக்கு ஒரு தாம்பூலப் பைக்காக ஒரு கிழவன் ஆபீசரைத் துரத்துவதாகத்தான் தெரிந்திருக்கும்.

"விடுங்க சம்பந்தக்காரரே, அசிங்கமா இருக்கு!" என்று ராமலிங்கம் பல்லைக் கடித்தார்.

உள்ளேயிருந்து தனம் ஓடிவந்தாள். "ஐயோ சார், வுடுங்க சார்! அது அவுரோட... அது..." அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது. "சார், நில்லுங்க! அது சோறு இல்ல, மூத்திரம்! டியூபு இன்னும் என் உடம்புலதான் கீது!"

பாட்டுக் கச்சேரியில் அப்போதுதான் ஒரு பாட்டு முடிந்திருந்தது. என் குரல் வாசலில் ஆரம்பித்து மேடை வரைக்கும் கேட்டது.

அதிகாரி பைக்குள் எட்டிப் பார்த்தார். அவரை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். வேறொருவராக இருந்தால் கீழே போட்டிருப்பார். அவர் மெதுவாக என்னிடம் வந்து, வாங்கிய மாதிரியே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

ராமலிங்கம் என்னைப் பார்த்தார். "ஹெர்னியாவுக்கு எதுக்குங்க டியூப்?"

இனி என்ன மறைப்பது? "ஹெர்னியா இல்ல சார். பிராஸ்டேட்ல கேன்சர். எடுத்தாச்சு."

தனம் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோதண்டம் தோளில் பைக் கட்டோடு வந்து அப்படியே நின்றார். ராமலிங்கம் என் கையைப் பிடித்து மாப்பிள்ளை அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

விடிந்தால் முகூர்த்தம். நிறுத்துவதென்றால் இப்போதே சொல்லிவிடுவார். திட்டுவதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், பெண்ணை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

"ஆபரேஷன் ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"மயக்கம் குடுத்துட்டாங்க சார். தெரியல."

"அப்புறம்... ஒழுகுமாமே?"

"கொஞ்ச நாளு ஒழுகும்னாங்க. இறுக்கிப் புடிக்கப் பயிற்சி கீதாம்."

"வேற... அந்த விஷயமெல்லாம்?"

விசாரணை மாதிரி இல்லை. தான் ஏறப்போகும் ரயில் எங்கெங்கே நிற்கும் என்று ஒருவர் கேட்பது மாதிரி இருந்தது. நான் குரலைத் தணித்தேன். "உங்களுக்கு எத்தன தடவ சார் ஒண்ணுக்கு வருது, ராத்திரியில?"

ராமலிங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் போகவில்லை. வீட்டில் மனைவிக்கும் சொல்லவில்லை.

"பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுருமோன்னு பயம் சம்பந்தி."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினேன். அது கேட்டு அவர் இன்னும் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

வெளியே தனம் கதவைத் தட்டினாள். "ண்ணா! உள்ள இன்னா நடக்குது? அடிக்கறாரா?"

மறுநாள் காலை கலைக்கு நான்தான் பட்டம் கட்டினேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். என் பையை வாங்கிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே பிடித்தபடி பக்கத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் அப்பா. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. தெரியாதவர்கள், சம்பந்தி எவ்வளவு மரியாதையாகச் சீர் ஏந்தி நிற்கிறார் என்பார்கள்.

அடுத்த வாரமே அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். அவருக்கும் அதேதான். ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது, கோதண்டம் பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை உதறி எடுத்து வந்தார். அதிகமாக அச்சடித்துவிட்டாராம், இன்னும் கட்டுக் கட்டாகக் கிடந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது நானும் ராமலிங்கமும் புதன்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எங்களிடம் கேட்பார்கள். தும்மினால் ஒழுகுகிறது என்பார்கள். எங்களுக்கும்தான் என்போம். எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மதுராந்தகத்து லாரி டிரைவர் ஒருவர் ரொம்பத் தாமதமாக வந்தார். எட்டு மாதம் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார், பிறகு வரவில்லை. டியூபோடு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அந்த மஞ்சள் பையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறோம். பஸ்ஸில் போனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போய் வருகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் யாராவது சூடாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தால், "மாமாவோடதா பாத்து வாங்குங்க" என்பது இன்றைக்கும் தீராத பேச்சு.

போன மாதம் கலை போன் செய்தாள். இரண்டு பிள்ளைகளோடு மின்சார ரயிலில் தாம்பரம் போய்க்கொண்டிருந்தாளாம்.

"மாமா, என் கல்யாணத்துக்கு வந்தவரு ஒருத்தர ட்ரெயின்ல பாத்தேன். நின்னுகினே வந்தாரு. எழுந்து எடம் குடுத்தேன்."

"யாரும்மா?"

"யாருன்னு தெரியல மாமா. பைல என் பேரு இருந்திச்சி."