இலை பார்க்கப் போகும் மாப்பிள்ளை குறித்து லாத்தாவுக்கு

தேரா, துபாய்
புதன்கிழமை, அஸருக்குப் பின்

கண்ணியத்துக்குரிய லாத்தா ஜுலைஹா பீவி அவர்களின் சமூகத்துக்கு, தம்பி முகம்மது ரிபாய் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. தாங்களும் மச்சானும் பிள்ளைகளும் பூரண சுகத்தோடு இருக்க வல்ல நாயனை வேண்டுகிறேன். நானும் இங்கே சுகம் என்று எழுதக் கை போகிறது, இடுப்பு சம்மதிக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தைக்கூடக் கடையில் அத்தர் குப்பிகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி மேசை மேல் வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் மச்சான் ஸ்பீக்கரில் போடுவார். குடும்ப குரூப்பில் போட்டால் மஃரிபுக்குள் கீழக்கரை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இன்றைக்கு ஊருக்குக் கிளம்புகிற அகமது கபீர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்டு வருவார்கள், நம்ம ஆமிராவுக்கு இந்த ஹஸ்னைன் தோதுப்படுவானா மாட்டானா என்று அதற்குள் விசாரித்துச் சொல் என்றீர்கள். விசாரித்துவிட்டேன். விசாரித்த விசாரிப்பில்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன்.

லாத்தா, நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. வித்த அத்தரை விட விசாரிச்ச மாப்பிள்ளை ஜாஸ்தி. ஊர்ல யாருக்குப் பொண்ணு இருந்தாலும், துபாய் மாப்பிள்ளையா, ரிபாய்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லிடுறாங்க. எனக்குன்னு ஒரு முறை இருக்கு. சோத்து நேரம் பாத்து ரூமுக்குப் போவேன். ஃபிரிட்ஜைத் திறப்பேன். செருப்பு எப்படிக் கழட்டிப் போட்டிருக்கான்னு பாப்பேன். பள்ளிவாசல்ல எந்த வரிசையில நிக்கிறான்னு பாப்பேன். விசாரிக்க வந்திருக்கோம்னு மாப்பிள்ளைக்குத் தெரியவே கூடாது, அதுதான் முக்கியம். இதெல்லாம் பாத்துத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க மூத்தவ ஹஃபீஸாவுக்கு வந்த ஷார்ஜா மாப்பிள்ளைய விசாரிச்சேன். முதல் வரிசைத் தொழுகை, பீடி சிகரெட்டு கிடையாது, ஃபிரிட்ஜுல தயிரும் பேரீச்சம்பழமும். தங்கமான பையன்னு ஒரே வரி எழுதினேன். அந்தத் தங்கம் கோவம் வந்தா கைய ஓங்குதுன்னு எந்த ஃபிரிட்ஜுல லாத்தா எழுதியிருக்கும்? பச்சப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அவ திரும்பி வந்து உங்க வாசல்ல நின்ன நாள்ல இருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. நீங்க ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை. சொல்லியிருந்தா தேவலைன்னு இருக்கும். இனிமே யாருக்கும் விசாரிக்க மாட்டேன்னு இருந்தவனை, ஆமிராவுக்காக நீங்க கேட்டதால போனேன்.

பையனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. குசைஸ்ல நாலு பேரோட ஒரு ரூம்ல இருக்கான். போன செவ்வாய்க்கிழமை சோத்து நேரம் பாத்துத்தான் போனேன். மேல ஏறவே இல்லை, கீழ பார்க்கிங்லயே நிக்கிறான், கையில துணி. முன்னாடி ஒரு மோட்டார் சைக்கிள். சைக்கிளா அது, உசரத்துல நம்ம குர்பானி மாடு அளவுக்கு இருக்கு. நான் அதைப் பாத்துக்கிட்டு நின்னதை அவன் பாத்துட்டான். "யாரு காக்கா, யாரைப் பாக்கணும்?"னு அண்ணன் முறை வச்சு மரியாதையாத்தான் கேட்டான். உன்னை விசாரிக்க வந்திருக்கேன்னு சொல்ல முடியுமா? முறை இருக்கே. வாய்க்கு வந்தது, "ஒண்ணுமில்ல தம்பி, எனக்கு பைக்குன்னா ரொம்ப இஷ்டம், பாத்துக்கிட்டு நிக்கிறேன்"னு சொல்லிட்டேன். பையன் முகம் மலர்ந்து போச்சு. அம்பத்தஞ்சு வயசுல ஒரு காக்கா பைக்குக்கு ஆசைப்பட்டு வந்து நிக்கிறாரேன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். "சனிக்கிழமை நாங்க ஆறு வண்டி ஒமானுக்குப் போறோம், ஜபல் அக்தர் மலை மேல இலையெல்லாம் நிறம் மாறுற சீசன், நீங்க என் பின்னாடி உக்காந்துக்குங்க"ன்னான். வேணாம்னா ஏன் வேணாம்னு கேப்பான். வேற காரணம் சொல்ல எனக்கு வாய் வரலை. சரின்னுட்டேன்.

இலை நிறம் மாறுறதைப் பாக்க நானூத்தம்பது கிலோமீட்டர். நம்மூர்ல இலை காஞ்சா பெருக்கித் தள்ளுவோம். அந்த மலைக்கு அரபியில பச்சை மலைன்னு பேரு, இவனுக அங்க மஞ்சளைப் பாக்கப் போறானுக. இதைக் கேட்டப்பவே நான் முடிவு பண்ணியிருக்கணும்.

சனிக்கிழமை சுபுஹு தொழுதுட்டுப் போனேன். நான் எடுத்துட்டுப் போனது கைலி, ஃபிளாஸ்க்கு, சக்கரை மாத்திரை, இடுப்புக்குத் தலகாணி. அத்தனையும் கட்டி வச்சான். எனக்கு ஒரு ஜாக்கெட்டு போட்டான், முட்டிக்கு ஒண்ணு, முழங்கைக்கு ஒண்ணு, ஹெல்மெட்டு வேற. நான் கடைசியா ரெண்டு சக்கர வண்டில ஏறுனது ஊர்ல மச்சானோட டிவிஎஸ் அம்பதுல, அதுவும் மீன் வாங்க. இதுல கால் தூக்கிப் போட்டா பாதிக்கு மேல போகலை. மூணு தடவை பாத்துட்டு, எங்கயோ போய் ஒரு பால் கிரேட்டு எடுத்துட்டு வந்தான். அது மேல ஏறித்தான் உக்காந்தேன். அதோட விட்டானா? வழியில எறங்கி ஏற வேணுமேன்னு அந்தக் கிரேட்டையும் பின்னாடி கட்டிக்கிட்டான். இப்படி ஒரு அலங்காரத்தோட ஷேக் சாயித் ரோட்டுல போனேன் லாத்தா, மத்த அஞ்சு வண்டிக்காரனும் திரும்பித் திரும்பிப் பாக்குறான்.

எனக்குச் சக்கரைன்னு உங்களுக்குத் தெரியும். அரை மணிக்கு ஒருக்கா நிறுத்த வேண்டியிருந்தது. நடுவுல இடுப்புக்கு ரெண்டு, மாத்திரைக்கு ஒண்ணு, லுஹர் தொழுகைக்கு ஒண்ணு, ஹெல்மெட்டுக்குள்ள தும்மினதுக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் கிரேட்டு எறங்கும், நான் எறங்குவேன், கிரேட்டு ஏறும். மூணாவது தடவையே மத்தவனுக யல்லா யல்லான்னு கத்தி, காலை ஒம்பது மணிக்கெல்லாம் கலாஸ்னு சொல்லி கைய ஆட்டிட்டுப் போயிட்டானுக. இவன் ஒரு வார்த்தை சொல்லணுமே. "பரவால்ல காக்கா, ரோடு எங்க போயிடும்"னு சிரிக்கிறான். கூட்டாளிகளோட ஒண்ணாப் போய் ஒண்ணா வரத் தெரியாதவன் லாத்தா, இதையும் குறிச்சுக்குங்க.

பார்டர்ல அடுத்த கூத்து. என் விசாவுல தொழில் கொத்தனார்னு இருக்குறது உங்களுக்கும் எனக்கும் விசா குடுத்த கபீலுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஆபீசர் என்னைப் பாத்தாரு, விசாவப் பாத்தாரு, கையக் காட்டுன்னாரு. காட்டினேன். ஊது அத்தர் வாசம் அடிக்குது. எத்தனை வருஷமா செங்கல் அடுக்குறேன்னு கேட்டாரு. நான் இந்தியில ஆரம்பிச்சு அரபியில போய் தமிழ்ல முடிச்சேன். ஹஸ்னைன் வந்து பொய் எதுவும் சொல்லாம, இவர் எனக்கு மூத்தவரு, மலையப் பாக்கணும்னு ஆசைப்பட்டாரு, நான் கூட்டிட்டுப் போறேன்னு நின்னு நிதானமாப் பேசினான். முக்கால் மணி நேரம். ஆபீசர் கடைசியில கிரேட்டப் பாத்து சிரிச்சுட்டு முத்திரை போட்டாரு. மானம் போச்சு.

சாயங்காலம் அஸர் நேரத்துக்கு மலை அடிவாரம் போய்ச் சேந்தோம். அங்க ஒரு செக் போஸ்ட்டு. ரெண்டு சக்கர வண்டி மலை மேல போக அனுமதி மாஃபி, கிடையாதாம், நாலு சக்கரமும் இழுக்குற ஜீப்புதான் போகலாமாம். இவ்வளவு விவரமான பையன் இதை விசாரிக்காமலா வருவான்னு கேட்டா, விசாரிச்சுத்தான் வந்திருக்கான். எல்லாரும் சேந்து மத்தியானத்துக்கே ஒரு ஜீப் பேசி வச்சிருந்தானுக. அது எங்களைக் காணோம்னு அந்த அஞ்சு பேரோட போயிடுச்சு. கடைசியா கிளம்புற ஒரு ஜீப்புல ஒரே ஒரு சீட்டு. அதுல என்னை ஏத்திவிட்டான் லாத்தா. "நீங்க பாத்துட்டு வாங்க காக்கா, நான் அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்"னுட்டு கீழ டீக்கடையில உக்காந்துட்டான். போன வருஷத்துல இருந்து இந்த எலைக்காகக் காத்திருக்கேன்னு வழியெல்லாம் சொன்னவன். நிலையில்லாத புத்தி. சொன்ன சொல்லுல நிக்காதவன் நாளைக்குக் குடும்பத்துல எப்படி நிப்பான்?

மேல போய்ப் பாத்தேன். மலையைப் படிப்படியா வெட்டி மாதுளை வச்சிருக்காங்க. இலையெல்லாம் மஞ்சள், நடுநடுவுல செம்பு நிறம். குளிர் காது வரைக்கும் வந்துச்சு. என்கூட வந்தவங்கள்லாம் போட்டோ எடுத்தாங்க. எனக்கு எடுக்கத் தோணலை, ஒரு கல்லுல உக்காந்தேன். கடை திறந்து, கடை அடைச்சு, பணம் அனுப்பி, மாப்பிள்ளை விசாரிச்சு, இந்த இருபத்தெட்டு வருஷத்துல எதையாவது பாக்கணும்னு நான் ஒரு எடத்துக்கும் போனதில்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் அழுதேன் லாத்தா. ஹஃபீஸா ஞாபகம்தான். இதை மச்சான்கிட்ட வாசிச்சுக் காட்ட வேண்டாம்.

எறங்கி வந்ததும் ஓடி வந்து "எப்படி இருந்துச்சு காக்கா?"ன்னான். காஞ்சு போயிருந்துச்சுன்னேன். அவனுக்குச் சிரிப்பு. எந்த மரம், எவ்வளவு மஞ்சள், வெயில் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு ஒண்ணொண்ணாக் கேக்குறான். நானும் சொல்லி முடிக்க சாப்பாடே ஆறிப்போச்சு. அன்னைக்கு ராத்திரி கீழ நிஸ்வா டவுன்ல ஒரு தமிழ் மெஸ்காரர் ரூம்ல தங்கினோம். ஒரு கட்டில்தான் இருந்துச்சு. அவன் கீழ படுத்தான். காலையில எழுந்தா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, திரும்பவே முடியலை. எங்க போய்த் தேடினானோ, ஒரு தைலம் வாங்கிட்டு வந்து அவனே தேச்சுவிட்டான். வரும்போது அறுபதுக்கு மேல ஸ்பீடு முள்ளு ஏறவே இல்லை. கோழி ஏத்திட்டுப் போற லாரியெல்லாம் எங்களைத் தாண்டிப் போகுது. காலையில கிளம்பினவங்க ராத்திரி இஷாவுக்குத்தான் தேரா வந்து சேந்தோம். வேகமும் கிடையாது, சுறுசுறுப்பும் கிடையாது. கடை வாசல்ல கிரேட்டு போட்டு எறக்கிவிட்டு, "அடுத்து எங்க போலாம் காக்கா?"ன்னு கேக்குறான். திமிர்தானே இது.

ஆகவே லாத்தா, தீர விசாரித்ததில் நான் கண்டது இதுதான். பையனுக்குக் காஞ்ச இலை மேல் ஆசை. சிநேகிதர்களோடு சேர்ந்து போகத் தெரியவில்லை. ஆசைப்பட்டதை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கிறான். வண்டி ஓட்டத் தெரிந்தும் மெதுவாக ஓட்டுகிறான். ஃபிரிட்ஜைப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை சரி என்று எழுதி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். இன்னொரு பிள்ளைக்குச் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பதில் யாருக்கும் எலும்பு முறியாது.

மச்சானுக்கு என் ஸலாம். ஹஃபீஸாவையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்லவும். எல்லாருக்கும் நீண்ட ஹயாத்தையும் நிறைந்த பரக்கத்தையும் தர ரப்பிடம் துஆ செய்கிறேன். என் இடுப்புக்காக நீங்களும் ஒரு துஆ செய்யவும்.

இப்படிக்கு,
நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல்,
தம்பி முகம்மது ரிபாய்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன் நிறுத்திட்டேன் லாத்தா. வேணாம்னு சொல்றதை ஆமிராகிட்ட நாமளே ஒரு வார்த்தை சொல்லிடுவோம்னு போன் போட்டேன். இத்தனை வருஷத்துல எந்தப் பொண்ணுக்காக விசாரிச்சப்பவும் அவளுக்கு நான் போன் போட்டதில்லை. "எழுதினதை அப்படியே வாசிங்க மாமா"ன்னா. மச்சானுக்கு வேணாம்னு எழுதின எடத்தையும் சேத்து வாசிச்சேன். ரெண்டு மூணு எடத்துல சிரிச்சா. முடிச்சதும், "இந்த ரெண்டு நாள்ல அவங்க ஒரு தடவையாச்சும் உங்ககிட்ட முகம் சுளிச்சாங்களா மாமா?"ன்னு கேட்டா. எட்டுப் பக்கத்தையும் புரட்டினேன், எங்கயும் இல்லை. "சத்தம் போட்டாங்களா?" அதுவும் இல்லை. "மொத்தம் எத்தனை தடவை வண்டிய நிறுத்தினாங்க?" போகவர நாப்பது இருக்கும்னேன். "உங்களையே ரெண்டு நாள் சுமந்திருக்காங்க, எனக்குச் சம்மதம்னு உம்மாகிட்ட எழுதிடுங்க"ன்னு சொன்னா. அதனால மேல எழுதின எட்டுப் பக்கமும் கேன்சல். வேற எழுத நேரமில்லை, கபீர் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான். வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லிடுங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தங்கமான பையன்ங்கிற ஒரு வரியை அனுப்புறப்பவே ஹஃபீஸாவுக்கும் நான் போன் போட்டு வாசிச்சுக் காட்டியிருக்கணும் லாத்தா. அவ என்ன கேட்டிருப்பாளோ, எனக்குத் தெரியலை.