ஒன்றும் வேண்டாம் என்ற வரன்

திண்டுக்கல்,
12.7.2001

அன்பு மச்சினன் சோலைமுத்துவுக்கு, உன் அக்கா புருஷன் கருப்பணன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். திருப்பூரில் நீங்களும் நலம் என்று, நேரில் பார்க்காத வரை, பாதி நம்புகிறேன்.

நம் அறிவுச்செல்விக்கு வந்த ரெட்டியார்சத்திரத்து வரனை வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டேன். பையன் சிவபிரகாஷ் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன். பெண் பார்க்க வந்த அன்றே நகையும் வேண்டாம், சீரும் வேண்டாம் என்றான். உன் அக்காவும் மகளும் உருகிப்போனார்கள். நான் உருகுவேனா? வேலைக்காலம் முழுக்க ஓடும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவன். கேட்பதற்கு முன்பே சிரிக்கிறவனிடம் டிக்கெட் இருக்காது. ஆகவே தக்காளி வியாபாரிபோலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே போய் விசாரித்தேன். டீக்கடை மைதீன் பிச்சை, “தங்கமான பையன்ணே” என்றார். சரி, இவரை முன்கூட்டியே சரிக்கட்டிவிட்டான் என்று புரிந்துகொண்டேன். பூக்கட்டும் ராமுத்தாயும் அதையே சொன்னாள். அவளையுமா! ஊரையே வளைத்துப் போட்டவனின் வீட்டைப் பார்த்தே தீருவது என்று கொல்லைப்பக்கம் வேலியை விலக்கி எட்டிப் பார்த்தேன். அங்கே படுத்திருந்த தெருநாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அலறல் கேட்டு ஓடிவந்தவன் சிவபிரகாஷ். “என்ன மாமா, வாசல் வழியா வரக் கூடாதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, மொபெட்டில் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

ஊசிக்குக் காத்திருந்தபோது நேராகவே கேட்டேன். “ஒண்ணும் வேணாங்கிறியே, உள்ளுக்குள்ள என்ன திட்டம்?”

“மாமா, அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல சினிக்குன்னு சில பேரு இருந்தாங்க. வீடு வேணாம், சொத்து வேணாம்னு தெருவுல கெடப்பாங்க. ராசாவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்லுவாங்க. நாய் மாதிரி வாழ்றாங்கன்னு ஊரு வச்ச பேரு அது. இப்ப அந்தப் பேரு வேற ஆளுகளுக்குப் போயிருச்சு. யாரு நல்லது செஞ்சாலும், இதுல இவனுக்கு என்ன லாபம்னு கேக்குறவுங்களுக்கு.”

“அப்ப நான்?”

“நீங்க ரெண்டாவது வகை மாமா. மொத வகையில சேர எனக்கு ஆசை.”

நாய் கடித்த காலோடு உட்கார்ந்திருப்பவனிடம் பேசுகிற பேச்சா இது! ஆனாலும் மூஞ்சிக்கு நேராகத்தான் சொன்னான். அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. இம்புட்டு நல்லவன் எதையோ பெரிதாக மறைக்கிறான். மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் அக்கா வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோற்றைப் போடுகிறாள். நான் அசையவில்லை.

உனக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். என் கணிப்பு என்றைக்கும் தப்பாது என்ற உறுதியுடன்,

கருப்பணன்

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்பட்டபோது, கொட்டும் மழையில் வாசலில் சிவபிரகாஷ் நின்றான். “என்னப்பு, பொண்ணு இல்லைன்னு சொல்லிவிட்டேனே, பெறகும் ஏன் வந்தே?” என்றேன். “அது வேற மாமா. இன்னிக்கு ரெண்டாவது ஊசி. தனியாப் போனா டாக்டரையும் நம்பாமத் திரும்பிருவீங்க” என்றான். இதில் இவனுக்கு என்ன லாபம் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் பின்சீட்டில் நனைந்துகொண்டே யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வீடு திரும்பியதும் உன் அக்காவிடம் வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீ முன்னாடியே வந்து சேர். பந்திக்கு நெய் மட்டும் நானே உருக்கிப் பார்த்து வாங்குவேன். அந்த விஷயத்தில் எவனையும் நம்புவதாக இல்லை.