தலைவரின் விறாந்தை

தாம் நிற்கும் இடமே உலகத்தின் மட்டம் என்று நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்கள் இவர்களைக் கூட்டங்களில், கோயில் நிர்வாகத்தில், பஸ்ஸின் முன் ஆசனத்தில் சந்தித்திருப்பீர்கள். சுவரில் படம் சரிந்து தொங்கினால் பிழை சுவருடையது. மணிக்கூடு பிந்தினால் பிழை மணிக்கூட்டினுடையது. கறியில் உப்புக் கூடினால், உப்பு இப்போது முன்னைப்போல் இல்லை.

அடம்பன் பக்கத்துக் கமக்காரர் அமைப்பின் தலைவர் சிவசுப்பிரமணியம் இந்த இனத்தின் நல்ல மாதிரி. இருபது வருடம் இந்தியாவில் அகதி முகாமின் மேடுபள்ளத்தில் பாய் விரித்துப் படுத்தவர். ஊர் திரும்பி, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு மேசனோடு மேசனாக நின்று, சாந்து குழைத்து, தன் கையாலேயே விறாந்தை போட்டவர். அந்தச் சீமெந்து நிலத்தைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிவிட முடியுமா?

யதுர்சிகா சொன்னாள்.

அமைப்பின் மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுபவள் அவள். தலைவர் வீட்டுக்கு எதிரே மனோன்மணியின் இரண்டு ஏக்கர் வயலில் அறக்கொட்டியான் பூச்சி இறங்கி, பயிரின் அடித்தண்டை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. இன்னும் மூன்று நாள் விட்டால் நெல் இல்லை, வைக்கோல்தான். காலை ஒன்பதுக்குக் காற்று எழும்பிவிடும். அதற்குள் அடித்தாக வேண்டும். ட்ரோனுக்கோ முதல்நாள்தான் புதிய கட்டுப்பாட்டுப் பலகை பூட்டியிருந்தது. அதற்குள் இருக்கும், சரிவை உணரும் ஆர்முடுகல்மானிக்கு எது கீழ், எது மேல் என்று முதலில் படிப்பிக்க வேண்டும். மட்டமாக வைத்து, இடப்பக்கம் சரித்து, வலப்பக்கம் சரித்து, மூக்கைத் தாழ்த்தி, மூக்கை உயர்த்தி, கடைசியில் மல்லாத்தி, ஒவ்வொரு முறையும் அசையாமல் பிடித்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆறில் முதலாவது பிழைத்தால் மற்ற ஐந்தும் வீண்.

“ஐயா, விறாந்தை படிப்பக்கம் சாய்வுபோல கிடக்கு. பலகை ஒண்டு வைச்சு மட்டம் பாப்பம்.”

“பிள்ளை, இதில மாபிள் குண்டு வைச்சாலும் உருளாது. நீர் வையும்.”

வைத்தாள், ட்ரோனின் மூக்கு படியைப் பார்க்க. ஆறு நிலையும் முடித்து, வயலில் வெறும் தண்ணீரோடு பறக்கவிட்டபோது, அது ஓரிடத்தில் நிற்காமல், யாரோ கூப்பிட்டதுபோல் முன்னுக்கு நகர்ந்து, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு மேலே போய்த் தூவியது.

“காத்து,” என்றார் தலைவர். வரம்பில் நின்ற பனையில் ஓர் ஓலை அசையவில்லை.

யதுர்சிகா ட்ரோனை எதிர்ப்பக்கம் திருப்பினாள். காற்றென்றால் இப்போதும் வாய்க்கால் பக்கமே தள்ள வேண்டும். அது மூக்கு பார்த்த பக்கமாக, தலைவரை நோக்கி வந்தது.

“காத்துத் திரும்பிட்டுது.”

“காத்தும் அமைப்பில சேந்திட்டுது போல,” என்றாள் மனோன்மணி. “தலைவர் சொல்லச் சொல்லத் திரும்புது.”

“அக்கா, இப்பிடியே மருந்தை ஊத்தினா வாய்க்காலுக்கைதான் போய் விழும். கீழ மாடு குடிக்கிற தண்ணி. நான் ஊத்தமாட்டன்.”

மனோன்மணி பயிரைப் பார்த்தாள். மணி ஏழரை.

“அப்ப என்ர விறாந்தையிலயோ பிழை? வாங்கோ, காட்டிறன்.”

தலைவர் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்து, விறாந்தையின் சுவரோரம் ஊற்றினார். தண்ணீர் ஒருகணமும் யோசிக்காமல் நேரே ஓடிப் படியால் இறங்கியது.

“பாத்தியளே? ஒரு சொட்டு நிக்கேல்லை. போட்ட நாளில இருந்து இப்பிடித்தான்.”

இதே மனிதர், விதைப்புக்கு முன் தன் வயலில் தண்ணீரைப் பாய்ச்சி, எங்கே தேங்குகிறது, எங்கே சேறு தலைகாட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குபவர். அவருடைய வயல் மட்டத்தில் ஊரில் எவரும் பிழை கண்டதில்லை.

“தலைவர், வயலுக்கையெண்டால் தண்ணி ஓடுற பக்கம் பள்ளம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?” என்று கேட்டாள் மனோன்மணி.

“அது வயல். இது வீடு.”

பெண்கள் இருவரும் முற்றத்தில் பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தட்டையான தட்டம் நிறையத் தண்ணீர் வைத்து, நாலு விளிம்பிலும் தண்ணீர் ஒரே அளவாய் வரும்வரை பலகைக்குக் கீழே ஓட்டுத்துண்டு செருகினார்கள். தட்டத்தை எடுத்துவிட்டு ட்ரோனை வைத்தாள் யதுர்சிகா. ஆறு நிலை, ஆறு பொத்தான். எட்டு மணிக்கு அது வயலுக்கு மேலே ஆணி அடித்ததுபோல் நின்றது. மருந்தை ஊற்றினாள். இரண்டு ஏக்கரும் முடிந்து அது இறங்கிய பிறகுதான் பனையோலை சலசலத்தது.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: “நான் அப்பவே சொன்னனான். காத்து விழட்டும் எண்டு.”

வாசிக்கும்போதே உங்களுக்கு ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும். அச்சாக அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். நல்லது. அவரிடம் போய்ச் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

என்ன, தேவையில்லையா? உங்கள் வீடு மட்டமா?