கல்யாணப் பத்திரிகையும் அவசியம் அண்ணாச்சியும்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு ஜனங்களை அழைத்தவர்கள் பெண் வீட்டாரும் அல்ல, பிள்ளை வீட்டாரும் அல்ல, எங்கள் தபால்காரர்தான். நான் அளப்பதாக நினைக்கிறவர்கள் அவர் கையால் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வாங்கியிருக்கமாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பாளையங்கோட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தபாலாபீஸில் நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அங்கே அவர் தபால்காரர். நிஜப்பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் 'அவசியம் அண்ணாச்சி'.

பத்திரிகையை அச்சடித்துத் தபாலில் போடும் வழக்கம் அப்போதுதான் பரவி வந்தது. அதற்கு முன்பெல்லாம் புருஷனும் பெண்சாதியுமாக வெற்றிலைத் தட்டோடு வந்து அழைத்தால்தான் அழைப்பு. புது வழக்கம் அண்ணாச்சிக்குப் பிடிக்கவே இல்லை.

"மஞ்சள் தடவுன காயிதத்தைக் கோர்ட்டுச் சம்மன் மாதிரி வீசிட்டுப் போவச் சொல்லுதாக. நம்மளால ஆவாதுவே" என்பார்.

ஆகவே மற்றத் தபால்களைக் கொடுத்து முடித்ததும், வாய்க்காலில் கைகால் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசி, பத்திரிகைகளுக்கென்று தனியாக ஒரு நடை கிளம்புவார். வீட்டுக்காரர் மட்டும் வந்து கையை நீட்டினால் கொடுக்கமாட்டார்.

"மயினியையும் கூப்பிடுங்க."

அடுப்பில் குழம்பு பொங்கினாலும் அந்த அம்மாள் வந்து நிற்க வேண்டும். இருவரையும் கிழக்கே பார்க்க நிறுத்தி, இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டி, அனுப்பியவராகவே மாறிவிடுவார். ராதாபுரத்துக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்றால் அந்தத் தகப்பனுடைய குழைவு அப்படியே அவர் குரலில் வரும். கடைசியில், "எல்லாருமா அவசியம் வந்துரணும்!"

அந்த 'எல்லாருமா'வில்தான் வம்பு. உறையில் இருப்பது ஒருவர் பெயர். அண்ணாச்சியோ உள்ளறையிலிருந்து எட்டிப் பார்க்கிற விதவைத் தங்கை, மச்சில் குடியிருக்கிற வாத்தியார், தொழுவில் பால் கறக்கிற ஆள் வரைக்கும் அழைத்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கே இலை தீர்ந்துபோய், வாழைத்தோட்டத்துக்கு ஆள் ஓடினான். மறுநாள் அந்த வீட்டுக்காரர் எங்கள் போஸ்ட்மாஸ்டர் முன்னால் வந்து குதித்தார்.

போஸ்ட்மாஸ்டர் சட்டத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர். அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"என்னவே, தபால் குடுக்கச் சொன்னா நீரு ஊரையே கூட்டுதீராமே?"

"அழைச்சாத்தானய்யா வருவாக."

"இனிமே பத்திரிகை குடுக்கையில வாயைத் தொறந்தீரு, மேலே எழுதிப்போடுவேன். வேலை போயிரும்."

பதினைந்து நாள் அண்ணாச்சி உதட்டை இறுக்கிக்கொண்டே பத்திரிகை கொடுத்தார். பல்வலியாக்கும் என்று ஜனங்கள் இரக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு கிராம்பு கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் போஸ்ட்மாஸ்டர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவருக்கு ஒரே அண்ணன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காரணமும் ஒரு பத்திரிகைதான். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் விலாசம் எழுதிய யாரோ, தம்பி பெயருக்கு முன்னால் 'மகாராஜராஜஸ்ரீ'யும் பின்னால் 'அவர்கள்' என்பதும் போடாமல் விட்டுவிட்டான். தம்பி போகவில்லை. இப்போது தம்பியின் முறை. நடந்துபோய் அழைக்க வேண்டிய கூடப்பிறந்தவருக்கு, மொட்டையாகப் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டார். அந்த உறைக்கு முத்திரை குத்தியவன் நான்தான். கை கூசியது.

அங்கே நடந்ததை அண்ணாச்சியே பிற்பாடு என்னிடம் சொன்னார். பெரியவர் உறையைப் பார்த்தாராம். முகம் சுண்டிப்போயிற்றாம்.

"வாங்க மாட்டேன்னு எழுதித் திருப்பி அனுப்பும்வே."

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அண்ணாச்சி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். அப்புறம் திறந்துவிட்டார்.

"மயினியையும் கூப்பிடுங்கய்யா. தம்பி வாயால சொல்லிவிட்டிருக்காக."

"என்ன சொன்னான்?"

"மகாராஜராஜஸ்ரீ அண்ணன் அவர்கள் வந்து தாலி எடுத்துக் குடுத்தாத்தான் முகூர்த்தமாம். வரலைன்னா எம் மகளுக்குக் கல்யாணமே வேண்டாங்காக."

"அப்படியா சொன்னான்?"

"கண்ணுல தண்ணியோட சொன்னாக" என்று இன்னும் ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டாராம்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் பந்தல் வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியவர், மனைவி, மக்கள் என்று வீடே இறங்கியது. போஸ்ட்மாஸ்டர் கையில் சந்தனக்கிண்ணத்தோடு மரமாக நின்றார். பெரியவர் கிட்டே வந்து தம்பியின் தோளைப் பிடித்தார்.

"ஏலே, நான் வராம இருப்பேனா? அதுக்குப் போய் அழுவாகளா?"

போஸ்ட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வாழைமரத்தோரம் நின்ற அவசியம் அண்ணாச்சி, பந்தல் ஓலைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றார் போஸ்ட்மாஸ்டர். "நான்தான் சொல்லிவிட்டேன்." இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் நிஜமாகவே இருந்தது.

பெரியவர்தான் தாலி எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பந்தியில், கடைசி இலையில் அண்ணாச்சி உட்கார்ந்தார். பரிமாறியவன் நான். கேட்காமலே மூன்று தடவை பாயசம் ஊற்றினேன். இன்னொரு தடவை ஊற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.