இடம் மாறிய பழுது

வெளியே தெரியாத பழுதைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதுவரை நான் கண்டுபிடித்த பழுதுகளில் ஒன்றே ஒன்றுதான் வாய் திறந்து பேசியிருக்கிறது. அது நான் வேலையில் சேர்ந்த நான்காவது மாதம்.

ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். எங்கள் பூதப்பாண்டியில் காத்தாடி என்போம். அதன் ஓர் இறக்கையைக் கழற்றித் தரையில் வைத்தால் இரண்டு பஸ் நீளம் வரும். கண்ணாடி நாரையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. உள்ளே வெறும் கூடு. அடுக்குகள் எங்காவது பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் தெரியும். நல்ல இடம் 'ணங்' என்னும். கெட்ட இடம் 'டொப்' என்னும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. (இதற்காகத்தான் அப்பா என்னை நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.)

எங்கள் நிறுவனத்தின் இயந்திரம் இந்தத் தட்டும் வேலையைத் தானாகவே செய்யும். பக்கவாட்டில் நிறுத்திய இறக்கையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சின்ன வண்டி தொங்கும். அது நகர்ந்துகொண்டே குட்டிச் சுத்தியலால் தட்டும், மைக்கால் கேட்கும். கம்ப்யூட்டர் திரையில் நல்ல இடம் பச்சையாகவும் பழுது சிவப்பாகவும் வரும். பழைய இறக்கைகளை வைத்திருந்த ஒரு யார்டில் அன்று செய்முறை விளக்கம். வாங்க வருபவருக்குப் பிடித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் எனக்கு வேலை நிரந்தரம்.

அந்த யார்டில் இறக்கைகளுக்கு ஒட்டுப்போடும் வேலையில் இருந்தவர் சுயம்பு அத்தான். அப்போது அவர் முழு அத்தான் ஆகவில்லை. என் அக்கா உஷாவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெண்வீட்டார் என்ன சொன்னாலும் தலையாட்டும் பருவத்தில் இருந்தார்.

காலை எட்டரைக்கு அவரைக் கூப்பிட்டேன். "அத்தான், உள்ள துணி, டப்பா ஏதாவது கிடந்தா சத்தம் மாறிப்போவும். கொஞ்சம் ஏறிப் பாத்துட்டு வாறியளா?"

"அதுக்கென்ன மக்கா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, இறக்கையின் அகன்ற அடிப்பக்க வாய் வழியாகக் குனிந்து உள்ளே போனார்.

"அத்தான், மைக் போட்டாச்சு. நான் சொல்லுகது வரை மிண்டப்பிடாது, கேட்டியளா?" என்று கத்தினேன். (மிண்டுவது என்றால் எங்கள் பக்கம் பேசுவது. முந்தின நாள் ஒத்திகையில் இரண்டு பேர் மீன் விலை பேசி இயந்திரத்தைக் குழப்பியிருந்தார்கள்.)

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கணவாய்க் காற்று வேறு இறக்கையின் வாயில் புகுந்து ஊளையிட்டது. ஓடிப்போய் அந்த வாயைத் தார்ப்பாயால் மூடி, கயிற்றை இழுத்து மூன்று முடிச்சுப் போட்டேன். கூந்தலைச் சரிசெய்துகொண்டு காரை நோக்கி நடந்தேன்.

இந்த இடத்தில் நான் அத்தானை மறந்தேன். நீங்கள் மறந்துவிட வேண்டாம்.

காரிலிருந்து எங்கள் மேலாளர் சந்திரமோகன் சாரும் வாடிக்கையாளர் எட்வின் சாரும் இறங்கினார்கள். மேலாளருக்குக் கோயம்புத்தூர். எட்வின் சார் நாகர்கோவில்காரர். இத்தனை காலமும் ஒரு நாணயத்தை வைத்துத் தட்டியே இறக்கைகளைச் சோதித்தவர். சட்டைப்பையில் அந்த நாணயமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன.

வண்டி தட்டிக்கொண்டே போனது. பச்சை, பச்சை, பச்சை. அடியிலிருந்து எட்டாவது மீட்டரில் சிவப்பு. ஓர் ஆள் முதுகு அளவுக்கு இருந்தது. (இந்த உவமை எனக்கு அப்போது தோன்றவில்லை.)

"போன வாரம் நான் தட்டிப் பாத்தேனே. அங்கன ஒண்ணும் இல்லியே" என்றார் எட்வின் சார்.

"மனுஷக் காதுக்கு ஓர் எல்லை உண்டு சார்" என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மேலாளர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். உறுதிசெய்ய இன்னொரு தடவை ஓட்டினோம். சிவப்பு ஓர் அடி தள்ளி வந்தது.

"இடம் மாறியிருக்கு" என்றார் எட்வின் சார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியவில்லை என்ற சொல்லுக்குக் கல்லூரியில் மதிப்பெண் கிடையாது. வெயில் ஏற ஏறப் பிரிந்த அடுக்குகளுக்கு நடுவே காற்று விரிவடையும் என்றும், அதனால் பழுது லேசாக நகர்வதுபோலக் காட்டும் என்றும் விளக்கினேன். கையால் அலை மாதிரி ஆட்டியும் காட்டினேன். எட்வின் சார் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் தடவை சிவப்பு இரண்டாகிவிட்டது. பெரிதாக ஒன்று, நாலடி தள்ளிச் சின்னதாக ஒன்று.

"பெருகுதோ?" என்றார் எட்வின் சார்.

"ஆரம்பக் கட்டம் சார். இப்பவே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு."

அவர் நோட்டை மூடினார். "அப்படின்னா எதுக்கு யோசிக்கணும்? எப்படியும் பழைய இறக்கைதான். வெட்டிப் பாத்திருவோம்."

"வெட்டிப் பாத்துரலாமுங்க!" என்றார் மேலாளர்.

கட்டிங் மெஷின் வந்தது. வெட்ட வேண்டிய இடத்தில் நானே சாக்பீஸால் கட்டம் போட்டேன். நேர்கோடாக இருக்க ஸ்கேல் வைத்துப் போட்டேன். மெஷின்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். சோதனைக்காகச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் இறக்கைக்குள்ளிருந்து மிகப் பணிவான ஒரு குரல் கேட்டது.

"மக்கா, இனி மிண்டலாமா?"

மேலாளர் இரண்டு அடி பின்வாங்கி, "என்ன சொல்லுதுங்க?" என்றார்.

"பேசலாமான்னு கேக்குது" என்றார் எட்வின் சார்.

அதற்குள் எனக்கு அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. ஓடினேன். நான் போட்ட மூன்று முடிச்சும் எனக்கே அவிழவில்லை. கடைசியில் மெஷின்காரர்தான் கத்தியால் அறுத்தார். அத்தான் வெளியே வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. வேர்வையில் அது பசையாகியிருந்தது. ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

"யாரு இது?" என்றார் எட்வின் சார்.

"எங்க அத்தான்."

"எப்ப உள்ள போனாரு?"

"எட்டரைக்கு."

அப்போது மணி பத்தரை. எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் கொடுக்கப் போய், பாதியை அவர் சட்டையில்தான் ஊற்றினேன். "அத்தான், வெட்டுகம்னு சொன்னது கேக்கலியா?"

"கேட்டுது. நீ அவங்களுக்கு அவ்வளவு அழகா விளக்கிட்டு இருந்த. நடுவுல நான் எப்படி மக்கா கெடுக்கது?"

எட்வின் சார் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். முகம் கழுவித் தெளிந்த பிறகு நோட்டைத் திறந்தார். "தம்பி, முதல்ல எப்படி இருந்தீங்க?"

"முதுகைச் சாச்சுட்டு இருந்தேன் சார்."

நோட்டில் ஒரு டிக்.

"பொறவு?"

"வெயில் சுட்டுது. ஓரடி தள்ளி இருந்தேன்."

இன்னொரு டிக்.

"மூணாவது?"

"கால் மரத்துப்போச்சு. படுத்து, தோளையும் காலையும் சுவருல முட்டுக்கொடுத்தேன்."

மூன்றாவது டிக். எட்வின் சார் மேலாளர் பக்கம் திரும்பினார். "மெஷின் சரியா சொல்லியிருக்கு. மூணு தடவையும் சரி. மெஷினை எடுத்துக்கிடுதோம்." பிறகு என்னைப் பார்த்தார். "விளக்கம் மட்டும் வேற ஆள் சொல்லட்டும்."

மேலாளர் திரும்பி ஊர் சேர்ந்ததும் சோதனைக்கு முன் நிரப்பும் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: 'உள்ளே ஆள் இல்லை என உறுதி செய்யப்பட்டது.' அதற்கு நேரே கையெழுத்துப் போடும்போதெல்லாம் இன்றும் புதிதாக வருபவர்கள் இப்படி ஒரு வரி எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு வேலை ஒரு வருஷம் தாமதமாகத்தான் நிரந்தரமானது.

அன்று அத்தான் போனில் அக்காவின் அழைப்பு பதினேழு இருந்தது. நானே கூப்பிட்டுச் சொன்னேன். "ஏட்டி, எனக்க மாப்பிளையைக் கட்டம் போட்டு வெட்டப் பாத்தியா?" என்றாள்.

கண்ணாடித் தூசியின் அரிப்பு மூன்று நாளில் போகும் என்றார்கள். பதினைந்து நாள் நின்றது. கல்யாண ஆல்பத்தில் அத்தான் தாலி கட்டும் ஒரு படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சொறிந்துகொண்டுதான் இருக்கிறார்.

அவர் அம்மாவுக்கு இதில் துளி வருத்தமும் கிடையாது. விசேஷ வீடுகளில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், "எனக்க மவனைக் கண்டுபிடிச்ச பிள்ளை இவதான்" என்று அறிமுகம் செய்வார். சேர்ந்து சிரிப்பதற்காகச் சொல்வது. எல்லோருக்கும் முழுக்கதையும் தெரியாதே. போன மாதம் திருவட்டாறில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பில் தூரத்துச் சித்தி ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"சின்னப்பிள்ளையில தொலைஞ்சவனா மக்கா? எத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்சான்?"

பின்னால் அத்தான் நின்றிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் சித்தி" என்றேன்.