ஏங்க என்றால் நில்

இனிமேல் என் இஷ்டப்படிதான் நகர்வது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன்.

ஏழாவது மாடிவரை கம்பியில் தொங்கிக்கொண்டு லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான். விழுந்தது என்னவோ வீட்டு முக்காலியிலிருந்து. வலது காலிலும் இடது கையிலும் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குச் சக்கர நாற்காலி. தள்ளுகிறவள் மனைவி. துணிக் குவியலுக்கு முன்னால் நிறுத்தினால் மடிப்பேன். பட்டாணிக்கு முன்னால் நிறுத்தினால் உரிப்பேன். தெருமுனைத் தையற்கடையில் தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் இல்லாமலே கேரம் நடந்துகொண்டிருந்தது. வயிறு எரிந்தது.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்துப் பெண் வந்தாள். நினைத்தால் நகரும் நாற்காலியைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். தலையில் ஒரு தொப்பி, அதன் உள்பக்கம் ஈரப் பொட்டுகள். மூளையில் ஓடுவதை வெளியிலிருந்தே பிடித்து நாற்காலிக்குச் சொல்லிவிடும்.

"மண்டையில ஓட்டை எதுவும் போடமாட்டீங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லைங்கம்மா. மேலேயே வெச்சுப் படிச்சிடுவோம்."

"படிக்க ஏதாவது கிடைச்சாச் சொல்லும்மா. நானும் இருபது வருஷமாத் தேடுறேன்."

ஆரம்பப் பாடம் இரண்டே இரண்டு: போ, நில். காலை எடுத்து வைப்பதாக நினைத்தேன். 'போ' உடனே பதிந்தது. 'நில்'தான் பதியவில்லை. சிவப்பு விளக்கை நினைத்தேன். சுவரை நினைத்தேன். என் மேலதிகாரியைக்கூட நினைத்தேன். அந்தப் பெண் கையிலிருந்த திரையில் என் மூளையைக் காட்டும் கோடுகள் மசியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து "ஏங்க" என்று ஒரு குரல். அத்தனை கோடுகளும் எழுந்து நின்றுவிட்டன. இதுதான் சார் உங்க 'நில்' என்று அந்தப் பெண் அதையே சேமித்துக்கொண்டாள். என் மனைவியிடம் மட்டும் சொல்லாதேம்மா என்று கெஞ்சினேன்.

மனைவிக்கு நாற்காலியில் நம்பிக்கையில்லை. பந்தயம் பேசினோம். எங்கள் வாசலிலிருந்து தையற்கடை வரை நேரான தெரு. நினைத்தே போய்ச் சேர்ந்தால் ஆறு வாரமும் நாற்காலி என்னுடையது, கேரமும் என்னுடையது. இல்லையென்றால் நாற்காலி ஆய்வுக்கூடத்துக்கு, நான் பட்டாணிக்கு.

"நான் தொடக்கூட மாட்டேன், போதுமா?" என்றாள்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"போதாது. என்னை ஏங்கன்னு கூப்பிடவும் கூடாது."

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "சரி. உங்களைக் கூப்பிடல." இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மாலை புறப்பட்டேன். பின்னால் ஆய்வுக்கூடத்துப் பெண், பக்கத்தில் மனைவி. மூன்று வீடு தாண்டியிருப்பேன்.

"ஏங்க, தண்ணி வந்துச்சா?" என்று எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக் கேட்டாள். நாற்காலி நின்றது.

"இது அநியாயம்."

"உங்களையா கூப்பிட்டேன்? அவங்களைக் கூப்பிட்டேன்."

பேச்சுப்படி பார்த்தால் அவள் சொன்னது சரி. மறுபடி காலை நினைத்துக் கிளம்பினேன். கத்தரி சாணை பிடிக்கிறவரிடம் ஓர் ஏங்க. வண்டியைக் குறுக்கே நிறுத்தியவரிடம் ஓர் ஏங்க, இவர் வர்றாரு, கொஞ்சம் ஒதுக்குங்க என்று. எனக்கு உதவி செய்கிறாளாம். அந்தத் தெருவில் அவள் யாரிடமும் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கடைக்குப் பத்தடி இருந்தபோது அழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

"சரி, இனிமே யாரையும் கூப்பிடல. சத்தியம். ஆனா இதுக்கு மேல நின்னா அது உங்க தப்பு. பந்தயம் எனக்கு."

சந்தோஷமாகத் தலையாட்டினேன். உள்ளே தையற்காரர் கேரம் பலகையில் மாவு தூவிக்கொண்டிருந்தார். இரண்டடி. ஓரடி. முன்சக்கரம் கடை வாசலைத் தொடப் போகிறது. மனைவி வாயைத் திறந்தாள்.

நாற்காலி நின்றது.

சத்தியத்தை மீறிவிட்டாள் என்று கத்தினேன். ஆய்வுக்கூடத்துப் பெண் கையிலிருந்த திரையைப் பார்த்தாள்.

"அவங்க ஒண்ணும் சொல்லலையே சார். நீங்களாத்தான் நின்னீங்க."

மனைவி கொட்டாவியை முழுசாக விட்டு முடித்துவிட்டு, வீட்டில் பட்டாணி காத்திருப்பதாகச் சொன்னாள்.