காய்ச்சல் இல்லாத வீடு

கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே நீராழி என்றொரு நாடு பாதி நனைந்தபடி கிடந்தது. அங்கே விடிந்து வெகு நேரமாகியும் மூடுபனி கலையாது. தேங்கிய நீரில் கொசு பிறக்கும். அது கடித்தால் குளிர்காய்ச்சல். காய்ச்சல் கண்டவர்களுக்கு ஜன்னல் வழியே மீன்கள் நீந்திப் போவது தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்குமாம். உயிர்தான் போய்விடும்.

வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துச் சோதிப்பது செங்கமலத்தின் உத்தியோகம். பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் காய்ச்சல் என்று அவள் எழுதிக் கொடுத்ததும் நலத்துறை அமைச்சர் தாண்டவராயர் முகம் சுளித்தார்.

"காய்ச்சல் உள்ள இடத்தை வீடு என்று எழுதியது உம்முடைய பிழை, அம்மணி. நலமாக வாழும் இடம்தான் வீடு. மற்றவை தங்குமிடம்."

மறுநாளே சட்டம் வந்தது. காய்ச்சல் தெரிந்தால் வாசலில் உள்ள நம்பர் பலகையைக் கழற்றிவிட வேண்டும். அன்று மாலையே, வீடுகளில் காய்ச்சல் அறவே இல்லை என்று முரசு அறைந்தார்கள். ஜனங்களும் நடுங்கிக்கொண்டே கை தட்டினார்கள். அடுத்த சட்டப்படி, கொசுவலையும் மாத்திரையும் பலகை உள்ள வீடுகளுக்கு மட்டும். அதற்கும் அடுத்த சட்டம், பலகை இல்லாத வாசலில் சாக்கடை அள்ள வேண்டாம் என்றது. அப்புறம் கேட்க வேண்டுமா, கொசுவுக்குக் கொண்டாட்டம். செங்கமலம் தினமும் பை நிறையப் பலகைகளோடு திரும்பினாள்.

ஒருநாள் அவளுடைய ஆறு வயது மகள் குமுதினி, "அம்மா, மீனெல்லாம் வருதும்மா" என்று சிரித்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. செங்கமலம் மருந்துக் கிடங்குக்கு ஓடினாள்.

"எம் பொண்ணுக்குக் காய்ச்சல்ங்க. மாத்திரை வேணும்."

"காய்ச்சல்னா அது வீடில்லையே. மொதல்ல பலகையைக் கழட்டுங்க" என்றார் கிடங்குக்காரர். "சட்டம் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கேக்கலாமா? காய்ச்சல் இல்லாத வீட்டுக்குத்தாம்மா மாத்திரை."

தன் வாசல் பலகையைத் தானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாட்டில் பலகை மிச்சமிருந்த ஒரே வீட்டுக்கு அவள் போனாள். அது அரண்மனை. ஏழு போர்வைக்குள் மன்னர் பல் தந்தியடிக்கக் கிடந்தார்.

"மன்னர் சிந்திக்கிறார். சிந்தனையின் வேகம் திருமேனியில் தெரிகிறது" என்றார் தாண்டவராயர்.

கண்ணாடிச் சில்லு வேறு கதை சொன்னது. செங்கமலம் அரண்மனைப் பலகையைக் கழற்றினாள். அமைச்சர் தடுக்கவில்லை. வீடே இல்லாத நாட்டில் காய்ச்சல் ஏது? நாடு முழுக்கக் காய்ச்சல் ஒழிந்தது என்று முரசறையச் சொல்ல, அவர் பூரித்துப்போய் ஓடினார்.

செங்கமலம் அந்தப் பலகையைக் கொண்டுவந்து தன் வாசலில் அறைந்தாள். காலையில் மருந்து வண்டி, பலகை உள்ள வாசலைத் தேடி வந்தது. நாட்டிலேயே அப்படி ஒரு வாசல்தான் இருந்தது. கிடங்கு மருந்து மொத்தமும் அங்கே இறங்கியது. மகளுக்குக் கொடுத்தது போக, காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்ன எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குமுதினி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். செங்கமலம் ஓவென்று அழுதாள். அப்போது அமைச்சர் வந்து நின்றார்.

"மன்னருக்கு மாத்திரை தேவைப்படுகிறது. ஒரு சிறு அதிர்வு."

"அதிர்வுக்கு எங்கிட்ட மருந்து இல்லைங்க. காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தா இப்பவே தர்றேன்."

தாண்டவராயர் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஒழிந்ததாக நானே அறிவித்த ஒன்றின் பெயரை நான் எப்படிச் சொல்வது? சபையைக் கூட்டி முடிவெடுக்கிறோம்."

சபை இரண்டு நாள் கூடியது. அதற்கு மறுநாள் முரசு கேட்டது.

"மாமன்னர் இன்று காலை பூரண உடல்நலத்துடன் காலமானார்."